மீன்பெட்டித் தோட்டம்

கொட்டாஞ்சேனை
2025 ஜனவரி 19

என் பிள்ளை துஷாவுக்கு,

அப்பா ஒன்றரைக் காலில் சுகம். மீதி அரைக் கால் இரும்பு, அதன் சுகத்தை இரும்புக் கடையில்தான் விசாரிக்க வேண்டும். நீயும் மற்றச் சகோதரிகளும் அந்த மலைக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உனக்கு முந்தி வாசிக்கப்போகும் மதருக்கும் என் வணக்கம்.

ஏழாம் திகதி வலது முழங்காலை வெட்டி மாற்றிவிட்டார்கள். உனக்கு முன்கூட்டியே எழுதவில்லை. எழுதினால் மடம் முழுக்க முழங்காலில் நிற்கும். ஒரு முழங்காலுக்காக நாற்பது முழங்கால் நோக வேண்டுமா? இடது பக்கத்தை மே இருபதாம் திகதி செய்வார்களாம். இரண்டும் ஆறும்வரை ஒன்பது மணி நேர ரயில் பயணம் கூடாது. ஆகவே உன்னை மடத்துக் கம்பிக்கு வெளியே நின்று பார்க்க இந்த வருசம் நான் வரமாட்டேன்.

டொக்டர் என்ன தொழில் என்று கேட்டார். முப்பத்தாறு வருசம் டைல் பதித்தேன் என்றேன். "அப்ப முழங்கால் போட்டே வாழ்ந்திருக்கிறீங்க" என்றார். "ஓம் டொக்டர், எங்கட வீட்டில ரெண்டு பேருக்கும் அதுதான் தொழில். மகளுக்கு மோட்சம் கிடைக்கும். எனக்கு நீர் கட்டினதுதான் மிச்சம்" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. கத்தியோடு பழகுகிறவர்கள் சிரிக்க மாட்டார்கள்போல.

இனி முழங்கால் போடவே கூடாதாம். கோயிலிலும் கதிரைதான்.

ஆகஸ்ட் பதினைந்தில் நித்திய வார்த்தைப்பாடு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதுவரைக்கும் மடத்துக் கதவு உள்ளிருந்து திறக்கும், அதற்குப் பிறகு திறக்காது என்று எங்கள் கோயில் சுவாமி விளங்கப்படுத்தினார். நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து வருசத்துக்கு முந்தி மடத்து கேற்றில் நான் போட்ட கூச்சல் உனக்கு நினைவிருக்கும். அன்றைக்கு நீ கம்பிக்குப் பின்னால் வந்து நின்று, "அப்பா, இனி ஒரு நாளும் வா எண்டு கேக்காதீங்க. நீங்க கேட்டா நான் வந்திடுவன்" என்றாய். அன்று வாயைப் பூட்டினவன்தான். இப்போதும் கேட்கவில்லை என்பதை மதர் தயவுசெய்து கவனத்தில் எடுக்கவும்.

உன் அப்பா,
டெரிக்


பண்டாரவளை
பெப்ரவரி 4

அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. நான் சுகமாக இருக்கிறேன். காயம் காய்ந்துவிட்டதா? வீங்கியிருக்கிறதா? சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுங்கள்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்? யார் சமைக்கிறது? குளியலறைப் படியில் யார் கை கொடுக்கிறது? அம்மா இருந்திருந்தால் இதையெல்லாம் நான் கேட்கத் தேவையில்லை.

அப்பா, எங்கள் சட்டத்தில் ஒன்று இருக்கிறது. நித்திய வார்த்தைப்பாடு கொடுக்காதவர்கள், தாய் தகப்பனைப் பார்க்க வேறு ஆளில்லை என்றால், வீட்டுக்குப் போக அனுமதி கேட்கலாம். ஆனால் அந்தத் தேவையை வீட்டிலிருந்துதான் எழுத வேண்டும். நானாகக் கேட்க முடியாது. சட்டம் இப்படி என்பதை உங்களுக்குத் தெரியப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

எனக்கு இப்போது தோட்ட வேலை தந்திருக்கிறார்கள். முட்டைக்கோவா, லீக்ஸ், கரட். நகத்துக்குள் எப்போதும் மண். நீங்களும் சும்மா இருக்காமல் ஏதாவது நட்டுப் பாருங்கள். கை வேலை செய்தால் காலைப் பற்றிய யோசனை குறையும்.

உங்கள் மகள்,
துஷா


கொட்டாஞ்சேனை
பெப்ரவரி 17

என் தோட்டக்காரிக்கு,

உன் நலம் அறிந்து சந்தோஷம். என் நலம் வோக்கரில் தொங்கிக்கொண்டு அறைக்கும் குசினிக்கும் போய் வருகிறது.

முதலில் சட்ட விஷயம். தேவை இல்லை. மதருக்கும் கேட்கும்படியாக எழுதுகிறேன்: டெரிக்குக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த வீட்டு யோசெப்பின் அக்கா பகலுக்குச் சோறு தருகிறாள். அதில் உப்புத்தான் இல்லை, அன்பு நிறைய இருக்கிறது. டைல் கடை நிலாம் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றை அனுப்பியிருக்கிறார். "டெரிக் பாஸ், என்ட கடை டைலாலதான் உங்கட முழங்கால் போச்சு, கதிரை சும்மா" என்றார். ஆகவே எனக்காக நீ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

நீ சொன்னபடி தோட்டம் போடப் புறப்பட்டேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. நம் பின்முற்றத்தில் ஒரு பிடி மண் கிடையாது! எட்டுக்குப் பத்து முற்றம் முழுக்க, ஊர் வீடுகளில் மிஞ்சின டைல்களைக் கொண்டுவந்து நானே மூடியிருக்கிறேன். கொள்ளுப்பிட்டிக் கந்தோர் ஒன்றின் நீலம், யாரோ பணக்காரரின் குளியலறை ரோசா, ஒரு நகைக்கடையின் கறுப்பு. ஒரு எறும்பு நுழைய இடைவெளி இல்லை. அம்மா ஒரு கருவேப்பிலைக் கன்றுக்கு இடம் விடச் சொன்னாள். கெஞ்சினாள் என்றுகூடச் சொல்லலாம். வடிவு கெட்டுவிடும் என்று மறுத்தேன்.

அதனால் முகத்துவாரத்திலிருந்து மீன் அடைக்கும் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி பதினொன்று எடுப்பித்தேன். மண்ணும் தும்புத்தூளும் கலந்து, பசளிக் கீரை, கங்குன் கீரை, கொச்சிக்காய், தக்காளி போட்டேன். பெட்டிகளை மேசையில் வைத்து, கதிரையில் இருந்தபடியே விவசாயம். முளைத்தும்விட்டது. ஆனால் இலை ஓரம் ஏனோ கருகுகிறது.

முழங்கால் எழுபது பாகைதான் மடங்குகிறது. பயிற்சி தரும் பிள்ளை பிளாஸ்டிக் பாகைமானியால் அளந்தாள். எனக்கு நம்பிக்கை வராமல் என் பழைய மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். அவள் சரி. முப்பத்தாறு வருசம் ஊர் மூலையை எல்லாம் தொண்ணூறுக்குக் கொண்டுவந்தவனின் சொந்த மூலை கோணல்.

அப்பா


பண்டாரவளை
மார்ச் 3

பாசமுள்ள அப்பாவுக்கு,

உங்கள் கால் மெல்ல மெல்ல மடங்க வேண்டிக்கொள்கிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

பெட்டிகளை நல்ல தண்ணீரில் கழுவினீர்களா? மீன் பெட்டியில் உப்பு ஊறியிருக்கும். இலை ஓரம் கருகுவது அதனால்தான். மண்ணைக் கொட்டிவிட்டு, பெட்டியை மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, அடியில் துளை போடுங்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் நாற்றுகள் தப்பியிருந்தால் நல்லது.

என் அறையில் காலை வெயில் இன்னும் விழுகிறதா? கட்டில் அங்கேதானா? அதன் கால்களுக்கு எறும்பு ஏறாமல் நான் வைத்த சிரட்டைகள் இருக்கின்றனவா? சிரிக்காதீர்கள். ஜெபத்துக்கு உட்கார்ந்தால் என் மனம் எழும்பிப் போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறது. கூட்டி வந்தால் திரும்பவும் போகிறது. இதை மதரிடமும் சொல்லியிருக்கிறேன். "சோதனை" என்றார். இருக்கலாம்.

நாளை மறுநாள் தபசு காலம் தொடங்குகிறது. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் கடிதம் இல்லை. அதற்குப் பிறகு உடனே எழுதுங்கள்.

துஷா


கொட்டாஞ்சேனை
ஏப்ரல் 24

அன்புள்ள துஷா,

அல்லேலூயா. நாற்பது நாள் பேசாமல் இருந்ததில் எனக்கும் கொஞ்சம் புண்ணியம் சேர்ந்திருக்கும். நான் நலம். முழங்கால் தொண்ணூறு. மூலைமட்டம் ஒட்டி உட்கார்ந்த அன்று யோசெப்பின் அக்காவுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தேன். நீ எப்படி இருக்கிறாய்? மெலிந்துவிட்டாயா?

நீ சொன்னது உப்புத்தான். ஆனால் உன் கடிதம் வந்த அன்று பதினொரு பெட்டியும் மயானம். முகத்துவாரத்து உப்பைத் தின்று ஒரு பசளி பிழைக்குமா? பரவாயில்லை. பெட்டிகளை ஊறப்போட்டுக் கழுவித் திரும்ப நட்டேன். இப்போது பசளி கொடி விடுகிறது.

கட்டில் விஷயத்தை நானும் நிறைய யோசித்தேன். கதிரையில் இருக்கிறவனுக்கு யோசிக்கத்தானே நேரம். உன் மனம் அங்கே வந்து குந்திக்கொள்கிறது என்றால் அது என் பிழைதான், நாடகத்துக்கு ஆசனம் ஒதுக்கின மாதிரி நான் அதை வைத்திருந்தேன். அதனால் கட்டிலை யோசெப்பின் அக்காவின் தங்கச்சி மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அறை முழுக்க இப்போது நாற்றுப் பெட்டிகள். உன் மனம் இனி வந்தாலும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும், கால் நோகும், தானே திரும்பிப் போய்விடும். எனக்குக் கால் நோவைப் பற்றித் தெரியும்.

நிம்மதியாகச் செபம் பண்ணு. அம்மா இருந்தாலும் இதையே செய்திருப்பாள். அங்கே பீடத்துச் சிலுவையில் இருக்கும் என் மருமகனுக்கும் தோத்திரம் சொல். மாமனாருக்கு ஒப்பரேஷன் என்று தெரிந்தும் எட்டிப் பார்க்காத மருமகன். மதர் மன்னிக்கவும்.

டெரிக்


பண்டாரவளை
மே 13

அப்பா,

நாற்று பிழைத்ததும் கால் மடங்கியதும் பெரிய சந்தோஷம். நான் இருக்கிறேன்.

கட்டில் யாருக்காவது உதவுவது நல்லதுதான்.

இடது முழங்காலை இருபதாம் திகதி செய்கிறார்கள், இல்லையா? அன்று முழுக்க உங்களை நினைத்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தபின் இரவில் உங்கள் துணைக்கு யார் படுக்கிறது என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை.

இங்கே கோவா நாற்றைப் பிடுங்கி வேறு பாத்திக்கு மாற்றினோம். ஒன்று மட்டும் தலை தூக்கவில்லை. தண்ணீர் விட்டேன், நிழல் கட்டினேன். தோட்டத்துக்குப் பொறுப்பான சிஸ்டர், "அது இந்தப் பாத்திக்குச் சரிவராது பிள்ளை, இன்னும் வேர் பிடிக்கேல்ல, பழைய பாத்திக்கே கொண்டுபோய் வைக்கலாம்" என்றார். எத்தனை நாளைக்குள் என்று கேட்டேன். ஆகஸ்டுக்கு முந்தி என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அப்படிச் செய்யலாமா?

நான் படிப்பித்த மொண்டிசோரியில் ரஜனி டீச்சர் இன்னும் இருக்கிறாரா? ஆள் எடுக்கிறார்களா? சும்மா கேட்டேன்.

துஷா


கொட்டாஞ்சேனை
மே 31

அன்பு மகளே,

இரண்டு காலும் இரும்பு. இனி மழையில் நனையக் கூடாது, துருப்பிடிக்கும். மற்றப்படி சுகம். வோர்ட்டில் ஐந்து நாள் இருந்தேன், எல்லாரையும் சிரிக்க வைத்தேன், என்னை அனுப்பிவிட்டு அவர்கள்தான் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பார்கள். உனக்கு எப்படி?

உன் கோவாக் கேள்விக்கு வருகிறேன். நீ படித்தவள், இருந்தும் அப்பாவிடம் யோசனை கேட்கிறாய் என்பதில் எனக்கு ஒரு பெருமை. அதனால் யோசித்தே எழுதுகிறேன். பிடுங்காதே. அந்த சிஸ்டர் சொல்வது சரியில்லை. ஒரு தரம் நட்டதை அங்கேயே விட்டுப் பார். டைல் பதித்து சிமெந்து இறுகினபின் யாராவது வந்து, பாஸ், நிறம் பிடிக்கவில்லை, கிளப்புங்கள் என்பார்கள். கிளப்பினால் டைலும் உடையும், தரையும் உடையும். கொஞ்ச நாளில் நிறம் பழகிவிடும் என்று நான் சொல்வேன். பழகித்தான் இருக்கிறது. உன் கோவாவும் பழகும்.

மொண்டிசோரிக்கு ஜனா என்று ஒரு புதுப் பிள்ளை வந்திருக்கிறாள். கெட்டிக்காரியாம். ஆகவே அவர்கள் உன்னை நம்பி இல்லை, நீ கவலைப்படாதே. ரஜனி டீச்சர் கோயிலில் கண்டால் விசாரிப்பார். "அவள் பெரிய பள்ளிக்கூடத்தில சேந்திட்டாள் டீச்சர், லீவே இல்லை" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பசளி கூரைக்கு வழி தேடுகிறது. ஆளில்லாமலே நான் நன்றாகச் சமாளிக்கிறேன் என்பதற்கு இந்தப் பசளியே சாட்சி.

அப்பா


பண்டாரவளை
ஜூன் 22

அன்பு அப்பாவுக்கு,

வாசித்தேன். நீங்கள் நன்றாகச் சமாளிப்பது தெரிகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நானும் பார்த்துக்கொள்கிறேன்.

கோவாவை நட்ட இடத்திலேயே விட்டுவிட்டேன்.

ஜூலை 15 காலை மணியோடு வார்த்தைப்பாட்டுக்கான தியானம் தொடங்குகிறது. ஒரு மாதம். அதில் யாரோடும் பேச்சில்லை. வருகிற கடிதங்களை மதரும் பிரிக்க மாட்டார், பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். வார்த்தைப்பாடு முடிந்தபின்தான் கையில் கிடைக்கும். அதனால் என்னிடம் ஏதாவது சொல்ல இருந்தால் அதற்கு முந்தி எழுதுங்கள் அப்பா. எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

என் அறையில் நாற்றுகள் நன்றாக வளரட்டும்.

துஷாந்தினி


கொட்டாஞ்சேனை
ஜூலை 5

துஷா,

சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

இன்று காலை யோசெப்பின் அக்கா என் கிளினிக் கார்டைத் தேடி பிஸ்கட் டின்னைத் திறந்தாள். உன் கடிதங்கள் அதில்தான் இருக்கின்றன. அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன், பிள்ளையின் கையெழுத்து வடிவைப் பாருங்கள் என்று பெருமைக்குத்தான் கொடுத்தேன். அவள் இந்த வருசத்து நாலு கடிதத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"டெரிக், நீர் என்ன பதில் போட்டனீர்?"

சொன்னேன்.

"கோவாவைப் பிடுங்க வேண்டாம் எண்டு எழுதினனீரோ?"

"ஓம் அக்கா. வேர் உடையுமே."

"உமக்கு மூளை முழங்காலிலயோ இருந்தது? அதையும் வெட்டிப்போட்டு இரும்பு வைச்சிட்டாங்களோ? அது கோவாவோ, மனுசா? உம்மட பிள்ளை! வீட்ட வரட்டோ, வரட்டோ எண்டு மாசாமாசம் கேட்டிருக்கு. கட்டில் இருக்கோ எண்டு கேட்டிருக்கு. வேலை இருக்கோ எண்டு கேட்டிருக்கு. நீர் ஒவ்வொரு கதவா இழுத்துச் சாத்தியிருக்கிறீர். பகிடி வேற விட்டிருக்கிறீர்!"

அவள் போன பிறகு நானும் நாலு கடிதத்தையும் வாசித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன் இல்லை நான், எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஆனாலும் இன்றைக்குத்தான் வாசித்தேன்.

உண்மையை எழுதுகிறேன். மதர் வாசிக்கட்டும்.

கட்டிலை யாருக்கும் கொடுக்கவில்லை. அது அதே இடத்தில் இருக்கிறது, சிரட்டைகளும் இருக்கின்றன. மாதத்துக்கு ஒரு தரம் பெட்சீற்றை மாற்றுகிறேன். ஒருவரும் படுக்காத கட்டிலில் என்ன அழுக்கு என்று யோசெப்பின் அக்கா கேட்பாள், தூசி என்பேன். அறையில் ஒரு நாற்றும் இல்லை. பெட்டிகள் எல்லாம் முற்றத்தில்தான். உன் மனம் அலையக் கூடாது என்று அந்தப் பொய்யைச் சொன்னேன். உனக்குப் பாதையை லேசாக்குகிறேன் என்று நினைத்தேன்.

இரவில் என் துணைக்கு யாரும் படுப்பதில்லை. ஜூன் 10 பின்முற்றத்தில் விழுந்தேன். முக்கால் மணி நேரம் கிடந்தேன். யோசெப்பின் அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். முழங்கால் ஊன்றினால் எழும்பலாம், ஊன்றக் கூடாதே. கன்னத்தை டைலில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நானே பதித்தது, ஒரு நூல் பிசகில்லை. பிடித்து எழும்பவாவது ஒரு பிசகு விட்டிருக்கலாம்.

ஆனால் விழுந்ததற்காக நான் கேட்கவில்லை. யோசெப்பின் அக்காவின் சோற்றில் உப்பில்லை என்பதற்காகவும் இல்லை. ஐந்து வருசமாகக் கேட்காமல் இருந்தது உன் வார்த்தையை மதித்துத்தான். கேட்டால் வருவேன் என்றாய். ஆகவே கேட்கிறேன்.

வா, மகள்.

அப்பா

ஜூலை 11. இதை எழுதி முடித்தும் நாலு நாள் ஆண்டவர் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். உன்னை அவரிடமிருந்து எடுக்கிறேன் அல்லவா, அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. நேற்று துணிந்து வோக்கரைத் தள்ளிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனேன். பூட்டிக் கிடந்தது. போயா தினம், பௌர்ணமி லீவு! மறந்தே போனேன். இன்று யோசெப்பின் அக்கா கொண்டுபோய்ப் போடுகிறாள். டெலிபோன் எடுக்கச் சொல்கிறாள். மடத்து டெலிபோன் சாவுச் செய்திக்கு மட்டும் என்று சொன்னேன். நாலு நாள் இருக்கிறது, போய்ச் சேர்ந்துவிடும்.


பண்டாரவளை
ஆகஸ்ட் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவரின் சமாதானம். உங்கள் இரண்டு முழங்காலும் தேறி வருவதாக நம்புகிறேன். விழுந்த இடத்தில் வீக்கம் வற்றிவிட்டதா?

உங்கள் கடிதத்தை நேற்றுத் தந்தார்கள். உறையின் மேல் மதர் வந்த நாளைக் குறித்திருந்தார்: ஜூலை 15, பகல். காலை மணி அடித்து ஐந்து மணித்தியாலம்.

வார்த்தைப்பாடு வெள்ளிக்கிழமை நடந்தது. அதற்கு ஒரு கிழமை முந்தி ஆயரின் பிரதிநிதி வந்து என்னைத் தனியே விசாரித்தார். அப்படி விசாரிப்பது முறை. உன் சொந்த விருப்பமா என்று மூன்று தடவை கேட்டார். "வீட்டில் உன்னைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்களா பிள்ளை?" என்றும் கேட்டார். "இல்லை சுவாமி. அப்பா நன்றாகச் சமாளிக்கிறார். என் கட்டிலைக் கொடுத்துவிட்டு அறையில் நாற்று வளர்க்கிறார்" என்றேன். அவர் சிரித்தார். "நல்ல அப்பா" என்றார். நானும் சிரித்தேன். எழுதிக்கொண்டார்.

ஆண்டவருக்கு முன்னால் நான் சொன்ன சாட்சி அது. பொய் என்று எனக்குத் தெரியாது.

கேட்காதீங்க என்று சொன்னது நான்தான் அப்பா. பத்தொன்பது தடவை அந்த வாக்கை மனதுக்குள் திரும்ப எடுத்தேன். ஒரு தடவை கடிதத்தில் எடுத்திருக்க வேண்டும். உங்களைப் போலவே நானும் சுற்றி வளைத்தேன். நான் உங்கள் பிள்ளைதானே.

உங்களில் கோபமில்லை. இப்போது இல்லை. கோபம் வந்தால் போக இடமில்லாத ஊர் இது.

இனி வருசத்துக்கு நாலு கடிதம் எழுதலாம்.

கிறிஸ்துவில்,
சிஸ்டர் மரிய அமலி


கொட்டாஞ்சேனை
செப்டெம்பர் 7

வணக்கத்துக்குரிய சிஸ்டர் மரிய அமலி அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருக்க வேண்டும். இந்தப் பெயரை எழுதப் பழக ஒரு கொப்பி முழுவதையும் பழுதாக்கினேன். இதுவரை உறையில் மட்டும்தான் எழுதுவேன், தபால்காரருக்காக.

என் முழங்கால்கள் மிகவும் நல்லம். நூற்றுப் பதினைந்து பாகை. வோக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டொக்டர் மற்ற நோயாளிகளுக்கு என்னை நடத்திக் காட்டினார். ஒன்பது மணி நேரமல்ல, பதினெட்டு மணி நேரமும் ரயிலில் போகலாமாம். நல்ல காலத்தில் சுகமாகிவிட்டது, பாருங்கள்.

தங்கள் கடிதம் கிடைத்த அன்று யோசெப்பின் அக்கா வந்து வாசலில் நின்றாள். கேட்காமலே விளங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைய சோற்றில் உப்புக் கூட.

ஒன்று அறியத் தருகிறேன். ஆயரின் ஆளிடம் தாங்கள் பொய்ச் சாட்சி சொன்னதாக இருக்கக் கூடாது. பொய் என்னுடையது, அது தங்கள் கணக்கில் ஏறுவது முறையில்லை. ஆகவே வியாழக்கிழமை பெட்சீற்றை மடித்து அலுமாரியில் வைத்தேன். மெத்தையை அந்தத் தங்கச்சி மகள் நிசமாகவே எடுத்துக்கொண்டு போனாள். கட்டிலைத் தூக்க ஆளில்லை என்று விட்டுப்போனாள், பிறகு எடுப்பாளாம். பலகையின் மேல் பொலித்தீன் விரித்தேன். முற்றத்திலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக நானே தூக்கி வந்து அதில் அடுக்கினேன். பதினொன்றும் சரியாகக் கொண்டது, ஒரு விரல் இடைவெளி மிச்சமில்லை. அளவு பிசகாத கை அல்லவா.

இனி யாராவது வந்து விசாரித்தால் பயப்பட வேண்டாம். டெரிக் தன் மகளின் அறையில் நாற்று வளர்க்கிறான். உண்மை.

காலை வெயில் இன்னும் விழுகிறது. கேட்டிருந்தாயே.

கட்டிலை எடுக்க நேற்று அவர்கள் லொறியோடு வந்தார்கள். அனுப்பவில்லை. பசளி மூன்று நாளுக்குள் தலைமாட்டுக் கம்பியைச் சுற்றிப் பிடித்துவிட்டது. "கழட்டினா என்ன மாமா, ஒரு கீரைதானே" என்று அந்தப் பிள்ளை கையை வைத்தாள். கத்திவிட்டேன். ஐந்து வருசத்துக்குப் பிறகு, மடத்து கேற்றில் கத்தின அதே சத்தம். வேர் பிடித்ததைப் பிடுங்கக் கூடாது, மகள். நான்தானே எழுதினேன்.

டெரிக்